நாலு மணிக்கு ஜாஸ்மின் முறை

என் பெயர் தங்கபுஷ்பம், வயது 43, க/பெ முத்துகிருஷ்ணன். சிந்தாதிரிப்பேட்டையில் வாடகை வீட்டில் குடியிருந்து வருகிறேன். தியாகராய நகரில் உள்ள ஒரு ஜவுளிக்கடையில் இரண்டாம் தளப் பட்டுப் பிரிவில் பதினோரு வருடமாக விற்பனைப் பெண்ணாக வேலை செய்கிறேன். பட்டினப்பாக்கத்தைச் சேர்ந்த ஜாஸ்மின், வயது 24, என்னுடன் ஒரே கவுண்டரில் நின்றவள். அவள் ஐந்து மாத கர்ப்பிணி.

கடையில் நாங்கள் உட்காரக் கூடாது. உட்கார இடம் தர வேண்டும் என்று சட்டம் வந்த பிறகு எங்கள் தளத்துக்கும் நாலு ஸ்டூல் வந்தது. இப்போது அவற்றின் மேல் சேலை கட்டிய பொம்மைகள் நிற்கின்றன. அதனால் எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. ஒருத்தி சேலையைக் கைதவறியதுபோல் கவுண்டருக்குப் பின்னால் போட்டுவிட்டு, அதை மடிக்கும் சாக்கில் காலி அட்டைப்பெட்டி மேல் பத்து நிமிஷம் உட்காருவாள். கேமராவுக்கு அந்த இடம் தெரியாது. மற்றவள் முன்னால் நின்று மறைப்பாள். பதினோரு மணி என் முறை, நாலு மணி ஜாஸ்மின் முறை.

சம்பவ நாளான சனிக்கிழமை ஆடித் தள்ளுபடிக் கூட்டம். காலை ஒன்பதரைக்கு நின்றோம். பதினோரு மணிக்கு எனக்கு உட்கார வாய்க்கவில்லை. அதன் பிறகு ஜாஸ்மின், தள மேலாளர் சுப்பராயன் அண்ணாச்சியிடம் போய் அரை மணி நேரம் உட்கார அனுமதி கேட்டாள். அவர், "இன்னைக்கு ஒரு நாள் அட்ஜஸ்ட் பண்ணிக்கம்மா" என்றார்.

அப்படியென்றால் என்ன என்று இந்த வாக்குமூலத்தை எழுதும் இன்ஸ்பெக்டர் மேடம் கேட்டதால் சொல்கிறேன். எங்கள் கடையில் எல்லாவற்றுக்கும் அந்த ஒரு சொல்தான். ரவிக்கை இறுக்கமாக இருந்தால் தையல்காரர் அட்ஜஸ்ட் செய்வார், அது ஒன்றுதான் உண்மையான அட்ஜஸ்ட். வார விடுமுறை ரத்தானால் அட்ஜஸ்ட். சாப்பாட்டு நேரம் பதினைந்து நிமிஷமாகச் சுருங்கினால் அட்ஜஸ்ட். வாடிக்கையாளர் இடுப்பில் இடித்துவிட்டுப் போனாலும் அட்ஜஸ்ட். விலையைக் கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணுங்கள் என்று யாராவது கேட்டால் மட்டும் அண்ணாச்சிக்குக் காது கேட்காது. எனக்கு அந்தச் சொல்லைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும்.

மாலை நாலேகாலுக்கு ஜாஸ்மின் கவுண்டரில் நின்ற வாக்கிலேயே மயங்கி விழுந்தாள். கண்ணாடி அலமாரி முனை நெற்றியில் பட்டு ரத்தம் வந்தது. ஆட்டோவில் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். நெற்றியில் ஆறு தையல். குழந்தையைப் பற்றி இரண்டு நாள் கழித்துத்தான் சொல்ல முடியும் என்று டாக்டர் சொன்னார்.

அதன் பிறகு அண்ணாச்சி மருத்துவமனைக்கு வந்து என்னைத் தனியாக அழைத்தார். "ஏ புஷ்பம், தரையில தண்ணி கெடந்துச்சு, அந்தப் பிள்ளை வழுக்கி விழுந்துட்டுன்னு சொல்லிரு. கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிச் சொன்னா உன் வேலைக்கு நான் பொறுப்பு" என்றார். தரையில் ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது. இதைச் சொன்னால் திங்கட்கிழமை எனக்கு வேலை இருக்காது என்பது தெரிந்தே சொல்கிறேன்.

இன்னும் ஒன்று இருக்கிறது. நாலு மணிக்கு ஜாஸ்மின் சேலையைக் கீழே போட்டாள். "என் முறைக்கா. காலு ரெண்டும் வீங்கிக்கினு கீது" என்றாள். எனக்கு முழங்கால் விண்விண் என்று தெறித்துக்கொண்டிருந்தது. என் பதினோரு மணி முறை போன ஆத்திரமும் இருந்தது. "பத்து நிமிஷம் அட்ஜஸ்ட் பண்ணிக்கடி" என்று சொல்லிவிட்டு அவள் போட்ட சேலையோடு நான் உட்கார்ந்தேன். அவள் "சரிக்கா" என்றாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு என்னை மறைத்து நின்றாள். விழுந்தபோது அவள் கை என் தோளில் பட்டது. அப்போதும் நான் உட்கார்ந்துதான் இருந்தேன்.

இது கடை மீதான புகாருக்குத் தேவையில்லை, விட்டுவிடலாம் என்று மேடம் சொன்னார்கள். விட வேண்டாம் என்று நான் கேட்டுக்கொண்டதன் பேரில் இதுவும் எழுதப்பட்டது.

எழுதியதைப் படித்துக் காட்டக் கேட்டேன். நான் சொன்னபடியே இருக்கிறது. எதையும் அட்ஜஸ்ட் செய்யவில்லை.

(ஒப்பம்)
மு. தங்கபுஷ்பம்