கிளைமாக்ஸ் சரியில்லை என்றார்கள்

நான் சினிமாவுக்கு அதிகம் போகிறவன் இல்லை மேடம். தியேட்டர் ஏசி எனக்கு ஆகாது, மறுநாளே மூக்கு அடைத்துக்கொள்ளும். அந்தப் படத்துக்குப் போனதுகூட கம்பெனியில் என் பக்கத்து மேசை ஜெகதீஷ் டிக்கெட் எடுத்துவிட்டு வம்பு பண்ணியதால்தான். அவன் விருதுநகர்ப் பக்கத்துப் பையன். "ஒங்க ஊரு மாந்தோப்புலதான்ணே ஷூட்டிங்கு, வாங்க" என்று இழுத்துக்கொண்டு போனான். நீங்கள் முழுசாகச் சொல்லச் சொன்னதால் இதையும் சொல்கிறேன். ஸ்டேஷன் ரைட்டர் எழுதிக்கொள்ளட்டும், எனக்கு அவசரம் இல்லை.

கௌபாய் படம். குதிரைக்குப் பதில் பழைய புல்லட், பாலைவனத்துக்குப் பதில் கல்குவாரி, ஊர் எல்லையில் டோல்கேட். தன் அண்ணனைக் கொன்றவனைத் தேடி ஒருவன் தொப்பி போட்டுக்கொண்டு வருகிறான். உச்சி வெயிலில் மாந்தோப்புக்கு நடுவே வில்லனை நிற்கவைத்துச் சுடுகிறான். அவ்வளவுதான் கதை. இடைவேளையில் ஜெகதீஷ் முட்டை பப்ஸ் வாங்கி வந்தான், எனக்கு இறங்கவில்லை. என் அண்ணன் சுரேந்தர் செத்து அப்போது ஆறு மாதம்கூட ஆகவில்லை.

வெளியே வந்தால் யூடியூப்காரர்கள் மைக்கை நீட்டினார்கள். "கிளைமாக்ஸ் சப்புன்னு கீதுங்க" என்று சொல்லிவிட்டு பைக்கை எடுத்தேன். அந்த வீடியோவை நீங்களும் பார்த்துவிட்டீர்கள் என்று ரைட்டர் சொன்னார். நீலச் சட்டை, நான்தான்.

அந்த வீடியோவுக்குக் கீழே நானூற்றுப் பன்னிரண்டு பேர் கருத்து எழுதியிருந்தார்கள். என் வேலை என்ன என்று உங்களுக்குத் தெரிய வேண்டும். வண்டிகளுக்கு ஒயர் கட்டுகிற கம்பெனியில் தர சோதனைப் பிரிவு. சரியில்லாத ஒயர் சுருளுக்குச் சிவப்புச் சீட்டு கட்டிக் கையெழுத்துப் போடுவேன். வாடிக்கையாளரிடமிருந்து புகார் வந்தால் அதை வகை பிரித்து, அதே தப்பு மறுபடி வராமல் பார்ப்பேன். பதினொரு வருடமாக இதைத்தான் செய்கிறேன். அதனால் அந்த நானூற்றுப் பன்னிரண்டையும் சும்மா படித்துவிட்டுப் போக எனக்கு மனசு வரவில்லை. எக்செல்லில் ஏற்றினேன்.

வேடிக்கையாகத்தான் இருந்தது. "குதிரை இல்லாத கௌபாய் படம், கறி இல்லாத பிரியாணி" என்று ஒருவர். தொப்பி நம் வெயிலுக்கு நல்லதுதான் என்று இன்னொருவர். தேவையில்லாததை எல்லாம் கழித்துவிட்டால் முக்கியமான புகார் மூன்று நின்றது. நம் ஊரில் துப்பாக்கி ஏது, நம்புகிற மாதிரி இல்லை என்று அறுபத்தொரு பேர். சாகும் நேரத்தில் ஹீரோ லெக்சர் அடிக்கிறான், தாங்க முடியவில்லை என்று நாற்பது சொச்சம் பேர். அதிகம் பேர் எழுதியது வில்லனைப் பற்றி. "ரெண்டு செகண்டுல போயிட்டான், இதுக்காடா ரெண்டரை மணி நேரம் உக்காந்தோம்" என்று நூற்றுப் பதினெட்டு பேர். எனக்கும் அதே வருத்தம்தான்.

ஜோதிமணி என்று ஒரு பெண் மட்டும் வேறு மாதிரி எழுதியிருந்தாள். "அண்ணனக் கொன்னது அவன்தானான்னு ஹீரோ ஒரு தடவகூட விசாரிக்கலையே, யாருக்கும் அது உறுத்தலையா?" ஏழு லைக். படத்தைப் படமாப் பாருங்க சிஸ்டர் என்று பதில் போட்டுவிட்டு, அந்த வரிசையில் 'பொருந்தாது' என்று குறித்தேன்.

அண்ணன் விஷயத்துக்கு வருகிறேன். உத்தனப்பள்ளிக்கு உள்ளே எங்கள் கேழ்வரகுக் கொல்லையும் முனிசாமி மாமாவின் கொல்லையும் பக்கம் பக்கம். சொந்தம் இல்லை, பழக்கத்தில் மாமா. மார்கழியில் யானை இறங்கியிருந்தது. விடிகாலையில் பனியில் நனைந்த வரப்பில் அண்ணன் குப்புறக் கிடந்தான். காலடியில் ஒயர். அது மாமாவின் மோட்டார் ஷெட்டிலிருந்து வந்திருந்தது. அருணா அண்ணி ஓடிவந்து மடியில் தூக்கிப் போட்டுக்கொண்டு, "ஏந்துருய்யா, பனியில படுத்துக்கினு கீறியே" என்றாள். அதை மறக்க எனக்கு வழி தெரியவில்லை மேடம். யானைக்கு வைத்த ஒயர் என்று ஊரே பேசியது. போலீஸ் வரும்போது ஒயர் இல்லை, விபத்து என்று எழுதிக்கொண்டு போனார்கள்.

எங்கள் கம்பெனியில் ஒரு முறை உண்டு. ஒரு தப்பு நடந்தால் ஏன் என்று ஐந்து தடவை கேட்க வேண்டும், அப்போதுதான் வேர் கிடைக்கும் என்பார்கள். காரியம் முடிந்த பதினாறாம் நாள் உட்கார்ந்து எழுதினேன். அண்ணன் ஏன் செத்தான்? ஷாக் அடித்து. ஏன் அடித்தது? வரப்பில் கிடந்த ஒயரை மிதித்தான். ஒயரில் ஏன் கரண்ட்? மாமா ஷெட்டிலிருந்து வந்தது. அவர் ஏன் விட்டார்? தன் கேழ்வரகை யானை தின்னக் கூடாது என்று. பேர் கிடைத்துவிட்டது. பேப்பரை மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன்.

அதன் பிறகு அவர் பல் துலக்குவதைப் பார்த்தாலே எனக்கு வயிறு எரியும். டீக்கடையில் பன்னை முக்கித் தின்றுகொண்டு, "ஏம்பா நவீனு, அண்ணி எப்படி கீறா?" என்று கேட்பார். நல்லா கீறாங்க மாமா என்பேன். ஒருநாளும் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனதில்லை. யாரை வேண்டுமானாலும் கேளுங்கள்.

ஆடி மாதம் அவர் மனைவி வெள்ளையம்மா அத்தை, மகள் பிரசவத்துக்குக் கல்லாவி போனார்கள். மாங்காய் முடிந்து மாமாவின் தோப்பில் ஆள் இல்லை. அங்கே கிணற்றில் முழங்கால் அளவு தண்ணீர், மோட்டாரின் அடிக்குழாயில் குப்பை அடைத்துக்கொண்டது. "கயிற மட்டும் பாத்துக்கினு இருப்பா, நான் எறங்கி எடுத்துடறேன்" என்று மாமா என்னைக் கூப்பிட்டார். படிக்கல் எல்லாம் எப்போதோ பெயர்ந்து போன கிணறு அது. சட்டையைக் கழற்றி, போனை அதற்குள் சுற்றி மேட்டில் வைத்துவிட்டு இறங்கினார். அடிக்குழாயைச் சுத்தம் பண்ணி முடிக்கட்டும் என்று காத்திருந்தேன். பிறகு கயிற்றை மேலே இழுத்துக்கொண்டேன்.

துப்பாக்கி இல்லை. அறுபத்தொரு பேருக்குத் திருப்தி.

முதலில் சிரித்தார். "டேய், வெளையாடாத, சுகர் மாத்தர போடணும்டா" என்றார். நான் பதில் சொல்லவில்லை. ஹீரோ பேசினால் ஜனங்களுக்குப் பிடிக்கவில்லையே. ஆனால் எதற்காக என்று வில்லனுக்குத் தெரியாமல் போனாலும் குறைதான் என்று இருபது பேர் எழுதியிருந்தார்கள். அதனால் அண்ணன் போட்டோவை மட்டும் கல்லில் கட்டி உள்ளே விட்டேன். எட்டிப் பிடித்துப் பார்த்தார். அப்புறம்தான் கத்தினார்.

"ஒயரு என்னுது இல்லடா நவீனு! கொல்லையில லைட்டு கட்டறேன், வெளிச்சத்துக்கு ஆனை வராதுன்னு ஒங்கண்ணன்தான் கேட்டான். கரண்ட்டு மட்டும்தான் நான் குடுத்தேன். ஒயரு ஏதுன்னு நீயே நெனச்சுப் பாரு!"

சரக்கு சரியில்லை என்று போன் போட்டால் அனுப்பியவன் முதலில் சொல்வது இதுதான் மேடம், தப்பு எங்க கிட்ட இல்லீங்க என்பான். எனக்குப் பழக்கம். பக்கத்தில் கல்லுடைக்கிற கிரஷர் ஓடிக்கொண்டிருந்தது, அதற்கு மேல் யாருக்கும் எதுவும் கேட்காது. எனக்கு இரண்டாம் ஷிப்ட். பன்னிரண்டு மணிவரை மாமரத்தடியில் இருந்துவிட்டு வேலைக்குப் போனேன். அன்றைக்கு என் கையில் ஒரு சுருள்கூடத் தப்பிப் போகவில்லை, ரிஜிஸ்டரைப் பாருங்கள்.

மறுநாளும் போனேன். சட்டைக்குள் போன் அடித்துக்கொண்டே இருந்தது. சாயங்காலம் டீ பிரேக்கில் அத்தை எனக்கே போன் பண்ணினார்கள். "மாமா போன எடுக்க மாட்டேங்கறாருப்பா. பேரன் பொறந்துக்கீறான், சொல்லணும்." மாமா தோப்புலதான் இருக்காரு அத்த, சொல்லிடறேன் என்றேன். அதில் பொய் எதுவும் இல்லை. மூன்றாம் நாள் காலையில் குனிந்து, பேரன் பிறந்திருக்கிறான் மாமா என்று சொன்னேன். அந்த மூன்று நாளில் நான் அவரிடம் பேசியது அது ஒன்றுதான். அவருக்கு அப்போது குரல் இல்லை. தெலுங்கில் ஏதோ சொன்னார். அவர் வீட்டுப் பேச்சு தெலுங்கு. எனக்குத் தெலுங்கு நன்றாகவே தெரியும், ஆனாலும் அதைக் கவனிக்கவில்லை. பதினொரு மணிக்கு அவர் தண்ணீரில் அசைகிற சத்தம் நின்றது.

மனசுக்கு நிறைவாக இருந்தது. மறைக்க என்ன இருக்கிறது, அன்றைக்குக் கேன்டீனில் இரண்டு தட்டு சோறு சாப்பிட்டேன். ஆறு மாதம் கழித்து உப்பும் காரமும் நாக்கில் தெரிந்தது. அந்தத் தெம்பில்தான் வீடியோவுக்குக் கீழே எழுதினேன். கிளைமாக்ஸ் இப்படி இருந்திருக்க வேண்டும்: ஒரு கிணறு, ஒரு கயிறு, மூன்று நாள், ஹீரோ வாயைத் திறக்கக் கூடாது. இருநூறு லைக். "செம தல, நீங்கதான் டைரக்ட் பண்ணியிருக்கணும்" என்றார்கள். ஜோதிமணி மட்டும், "இப்பவும் அவன்தான் கொன்னானான்னு தெரியலையே அண்ணா" என்று எழுதினாள். அவள்தான் பிறகு கிணற்றுச் செய்தியைப் படித்துவிட்டு நான் எழுதிய கருத்தை உங்களுக்கு அனுப்பியிருக்கிறாள். நல்ல பெண். எங்கள் பிரிவில் இருக்க வேண்டியவள்.

அண்ணன் காலடியில் கிடந்த ஒயரைச் சுருட்டி மாமாவின் ஷெட்டுப் பரணில் போட்டது யார் என்று கேட்டீர்கள். நான்தான். போலீஸ் வருவதற்குள் செய்தேன். மேசைமேல் நீங்கள் வைத்திருக்கிற சிவப்புச் சீட்டு அந்தச் சுருளோடு இருந்ததுதான். கையெழுத்து என்னுடையது. 'மேல்தோல் வெடிப்பு, பயன்படுத்தக் கூடாது' என்று எழுதியதும் நான்தான். கழிவில் போவதை வீணாக்குவானேன் என்று அண்ணனுக்கு லைட் கட்டக் கொண்டுபோய்க் கொடுத்தேன். வெடிப்பு இருப்பதைச் சொல்ல வேண்டும் என்றுதான் இருந்தேன், அன்றைக்கு அவன் யானை பயத்தில் அவசரப்பட்டான், எனக்கும் ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது.

ஆனால் நீங்கள் கேட்பது ஐந்தாவது ஏன் மேடம். நான்காவதிலேயே ஆள் கிடைத்துவிட்டால், அதற்கு மேல் யாரும் கேட்க மாட்டார்கள்.