கருகிப்போன கியர்பாக்ஸுக்கு ஒரு விசாரணை

இல்ல சார், தண்ணியெல்லாம் வேணாம். உக்காரவும் வேணாம். டிரைவர் அஜாக்கிரதையா ஓட்டி ஆஸ்பத்திரி ஜீப்போட கியர்பாக்ஸைக் கருக்கிட்டான்னு எழுதி வச்சிருக்கீங்களே, அந்த அஜாக்கிரதைங்கிற வார்த்தை யாரோடது? அதை மட்டும் சொல்லுங்க. நீங்களா? சரி. அப்ப நீங்களே கேட்டுக்குங்க.

அந்த வண்டிக்கு இருபத்திரெண்டு வயசு. எவனோ பெரிய ஆபீசர் ஓட்டி அலுத்துப்போய் எங்க தலையில கட்டினது. மலைக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஊருங்களுக்கு ஆம்புலன்ஸ் போகாது, இது ஒண்ணுதான் ஏறும். ஆட்டோமேட்டிக் கியர். நல்ல ரோட்டுல ராஜா மாதிரி போகும். மேட்டுல, சேத்துல, ஆள் நடக்கிற வேகத்துல உருட்டினா போதும், கியர் ஆயில் கொதிக்க ஆரம்பிச்சிடும். அதைத் தணிக்க முன்னால கூலர்னு ஒண்ணு இருக்கு, அதுலயும் பாதி சேறு அடைச்சுக்கிச்சு. ஆயில் செவப்பா இருக்கணும் சார். இதுல தீஞ்ச கஷாயம் மாதிரி இருக்கும்.

நான் சொல்லலையா? நாலு தடவை எழுதிக் குடுத்தேன். ஆயிலை மாத்துங்க, தனியா பெரிய கூலரா ஒண்ணு போடுங்கன்னு. மெக்கானிக்கும் கையெழுத்துப் போட்டாரு. என்ன பதில் வந்துச்சு? எச்சரிக்கை விளக்கு எரிஞ்சா ஓரங்கட்டவும், சூடு தணிஞ்சதும் எடுக்கவும்னு ரெண்டு வரி. கீழ ரப்பர் ஸ்டாம்ப். யாருக்கு யாரு சொல்லித் தரது? மேட்டுல லோ கியர் போடணும், நின்னா நியூட்ரல்ல வச்சு இன்ஜினை ஓடவிடணும், அணைச்சா ஆயில் சுத்தாது, சூடு உள்ளயே நிக்கும். பதினோரு வருஷமா அதைக் கைக்குழந்தை மாதிரி பாத்தவன் சார் நான்!

என்னது? இவ்வளவு தெரிஞ்சவன் ஏன் நிறுத்தலையா? விளக்கைப் பாக்கலைன்னு பொய் சொல்லமாட்டேன். பாத்தேன். பளிச்சுனு எரிஞ்சுது. பின்னால கல்லு உடைக்கிற ஆளு ஒருத்தர், கால்மேல பாறை விழுந்து கிடக்காரு. நர்சம்மா ரெண்டு கையாலயும் தொடையை அமுக்கிப் பிடிச்சிட்டிருக்காங்க, கை வழியா ரத்தம் சொட்டுது. உச்சிக்கு இன்னும் மூணு வளைவு. மிதிச்சேன். ஆமா சார், மிதிச்சேன்! உள்ள புகை வந்துச்சு, கண்ணு எரிஞ்சுது. உச்சியைத் தாண்டினதும் கியர் கைவிட்டுடுச்சு. அதுக்கப்புறம் இறக்கம் முழுக்க பிரேக்கை நம்பியே உருட்டிக் கொண்டாந்து ஆஸ்பத்திரி வாசல்ல நிறுத்தினேன். அந்த ஆளு இப்ப கம்பு ஊணி நடக்கிறாரு. அது உங்க ஃபைல்ல எங்கயாச்சும் இருக்கா? திருப்பிப் பாருங்க, நல்லா பாருங்க. இல்லல்ல? கியர்பாக்ஸ் செத்தது மட்டும் கொட்டை எழுத்துல இருக்கு.

தெரிஞ்சே பண்ணினான்னு எழுதுங்க. திமிர் பிடிச்சவன்னு எழுதுங்க. வேலையை விட்டுத் தூக்குங்க. அஜாக்கிரதைன்னு மட்டும் எழுதாதீங்க, எனக்குப் பத்திக்கிட்டு வருது.

ஏன்னா ஜாக்கிரதையாவும் ஒரு தடவை ஓட்டியிருக்கேன் சார். போன மழைக்காலம், இதே மேடு. விளக்கு எரிஞ்சுது. நீங்க அனுப்பின ரெண்டு வரிப்படி ஓரங்கட்டினேன். இருபத்தஞ்சு நிமிஷம். சூடு நல்லாத் தணிஞ்சுது. வண்டிக்கு ஒரு குறையும் வரல, அதனால விசாரணையும் வரல. அன்னைக்குப் பின்னால படுத்திருந்தது என் தங்கச்சி. தலைப்பிரசவம். இன்னும் எவ்வளவு நேரம்ணேன்னு ரெண்டு தடவை கேட்டா. மூணாவது தடவை கேக்கல.

கையெழுத்து எங்க போடணும், இங்கயா?