கடைசி ராஜினாமா

— மூணு வாரமா உன் மேஜை பளபளன்னு இருக்கு, தம்பி. ஒன்பது வருஷமா இந்த ஆய்வுக்கூடத்துல இருக்க, ஒரு நாளாவது நீயா ஒரு குடுவையைக் கழுவி வச்சிருக்கியா? உண்மையைச் சொல்லு. எங்க வேலை கெடச்சிருக்கு?

— மேடம்... அதைச் சொல்லத்தான் வந்தேன்.

— உக்காந்து சொல்லு. அந்த ஸ்டூல் வேண்டாம், அதுக்கு ஒரு கால் ஆடும்.

— நின்னுகிட்டே சொல்லிடறேன். உக்காந்தா இருக்கற தைரியமும் போயிடும். இந்தாங்க, ராஜினாமா.

— கவர்ல போட்டு ஒட்டி வேற கொண்டுவந்திருக்க! காதல் கடிதம் மாதிரி ரெண்டு கையாலயும் நீட்டற.

— கிண்டல் பண்ணாதீங்க மேடம். பிரிச்சுப் படிங்க.

— இரு, கண்ணாடியைப் போட்டுக்கறேன்... அட! லாரிப் புகையைச் சுத்தம் பண்ற அந்தக் கம்பெனியா? நிஜமாவா?

— ஏன் மேடம், மோசமான கம்பெனியா?

— சேச்சே, நல்ல கம்பெனிதான். இங்க நச்சுப் புகையை முறிக்கற கேட்டலிஸ்ட் பொடியைக் கடுகளவு வச்சுகிட்டு மல்லுக்கட்டினோம். அங்க மூட்டை மூட்டையா செய்யலாம்.

— நீங்க திட்டுவீங்கன்னு நினைச்சேன்.

— திட்டி என்ன ஆகப் போகுது? அஞ்சு ஊர் ஆய்வுக்கூடம் சேர்ந்து ஒரே குழுன்னு ஆரம்பிச்சோம். இந்த வருஷத்தோட திட்டமே முடியுது. நெட்டையன் பெயிண்ட் கம்பெனிக்குப் போயிட்டான். கணக்குல புலி, நம்ம ‘கால்குலேட்டர்’ பொண்ணு, காப்புரிமை ஆபீஸ்ல போய் உக்காந்துட்டா. ஜோடிப் புறா ரெண்டும் பள்ளிக்கூடத்துல பாடம் நடத்துது. எல்லாரையும் சிரிச்ச முகமாத்தானே அனுப்பி வச்சேன்?

— நெட்டையன் போனப்ப மூணு நாள் யார்கிட்டயும் பேசலையே நீங்க.

— அது பல்வலி.

— பல்வலியா! வழியனுப்பு கேக்குல பாதியை நீங்கதானே சாப்பிட்டீங்க?

— அதனாலதான் பல்வலி. அதை விடு. வீட்டுல என்ன சொல்றாங்க?

— அவளுக்கு ஒரே சந்தோஷம். பொண்ணுக்குத்தான் மூஞ்சி தொங்கிப் போச்சு. ‘அப்பா, நீ போயிட்டா பெரியம்மா தனியா இருப்பாங்களே’ங்கறா.

— எந்தப் பெரியம்மா?

— நீங்கதான் மேடம். அவளுக்கு நீங்க எப்பவும் பெரியம்மாதான்.

— வாயாடிக் கழுதை. வளர்ந்துட்டாளா?

— பேச்சை மாத்தாதீங்க. எனக்கும் அதான் உறுத்துது. நான் போயிட்டா இங்க நீங்க ஒருத்தர்தான். நிர்வாகக் கட்டடத்துல மூணாவது மாடியில உங்களை உக்கார வைக்கப் போறாங்களாமே?

— ஆமாம்பா. ஜன்னல் இல்லாத ரூம், நாள் பூரா கையெழுத்துப் போடற வேலை. போன வாரம் ஒத்திகை மாதிரி போய் உக்காந்து பார்த்தேன். பத்தே நிமிஷம். ஏதாவது கெமிக்கல் வாசனை வராதான்னு ஃபைலை எடுத்து மோந்து பார்க்க ஆரம்பிச்சுட்டேன்.

— சிரிக்கறதா அழறதான்னே தெரியலை. மேடம், அந்தக் கவரைக் குடுங்க. கிழிச்சிடறேன்.

— கிழிச்சே, கையை ஒடிச்சிடுவேன்! எனக்காக நீ இங்க உக்காந்து என்னத்தைச் செய்யப் போற? காலி அலமாரிக்குக் காவல் இருக்கப் போறியா? ஒழுங்காப் போய்ச் சேரு. அங்க உனக்கு என்ன பொறுப்பு?

— புதுசா ஒரு டீம். அதுக்கு... நான்தான் தலைவர்.

— அப்படிப் போடு! அதை ஏன் எச்சில் முழுங்கிட்டு சொல்ற?

— பழக்கமில்லையே மேடம். இன்னும் சேரவே இல்லை, அதுக்குள்ள ஆள் எடுக்கற வேலையைத் தலையில கட்டிட்டாங்க. சோதனைப் பிரிவுக்கு ஒரு அனுபவசாலி வேணும். அறுபத்திரண்டு விண்ணப்பம் வந்துச்சு. வேண்டியவங்களுக்குச் சலுகை காட்டிடக் கூடாதாம். பேரு, ஊரு, வேலை பார்த்த இடம் எல்லாத்தையும் கறுப்பு மை அடிச்சு மறைச்சு, நம்பர் மட்டும் போட்டு அனுப்பறாங்க.

— உருப்படியா யாராவது தேறினாங்களா?

— பதினேழாம் நம்பர்! மத்தவங்க எல்லாம் ஜெயிச்ச கதையா எழுதித் தள்ளியிருக்காங்க. இவர் ஒருத்தர்தான் தோத்த கதையை எழுதியிருக்கார். ‘நாப்பத்தோரு கேட்டலிஸ்ட் என் கையில படுத்துருச்சு. நாப்பதுக்குக் காரணம் கண்டுபிடிச்சுட்டேன். மிச்சம் இருக்கற ஒண்ணுக்காகத்தான் இந்த வேலை கேக்கறேன்’னு.

— கொஞ்சம் திமிர் பிடிச்ச ஆள் போலிருக்கே?

— இருந்துட்டுப் போகட்டும். ராத்திரி பொண்டாட்டிகிட்ட சத்தமாப் படிச்சே காட்டினேன். ஆனா உள்ளுக்குள்ள பயம். என்னைவிட எவ்வளவோ அனுபவம். எனக்குக் கீழ வேலை பார்க்க அவருக்கு மனசு வருமா?

— மனசு வராமலா விண்ணப்பம் போடுவாங்க? தலைவர் நாற்காலியில ரொம்ப வருஷம் உக்காந்து அலுத்துப் போன ஆளா இருக்கும். கையில மறுபடி பொடி ஒட்டினாப் போதும்னு தோணியிருக்கும்.

— நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும். ரெண்டாவது யோசனையே இல்லாம அவரைக் கூப்பிடச் சொல்லிட்டேன். திங்கக்கிழமை நேர்காணல். அவர் முன்னாடி நான் உளறாம இருக்கணும், அதான் கவலை.

— கடுதாசி இன்னிக்குக் காலைலதான் எனக்கு வந்துது. பத்து மணிக்கு வரச் சொல்லி போட்டிருக்கு. அங்க நான் உங்களை ‘சார்’னு கூப்பிடணுமா?