ஆறு மணி நேரம் மின்னும் உதடு

அந்த லிப் ஆயில் நாலாயிரத்து இருநூறு ரூபாய் பெறுமா என்று கேட்டீர்கள், மேடம். பெறும். எண்ணெய் என்று பெயர் இருந்தாலும் பிசுபிசுப்பு கிடையாது. செர்ரிப் பழ மணம், அதுவும் கிட்டே போனால்தான் தெரியும். ஒரு தடவை பூசினால் ஆறு மணி நேரம் மினுமினுப்பு குறையாது. கடிகாரத்தை வைத்துப் பார்த்துத்தான் சொல்கிறேன்.

உங்கள் மேஜையில் இருக்கும் தாளிலும் இதைத்தான் எழுதியிருக்கிறேன். ஆமாம், ஆன்லைனில் அந்த விமர்சனம் நான் போட்டதுதான். ஐந்து நட்சத்திரம் கொடுத்தேன். நாற்பத்தொரு பேர் பயனுள்ளது என்று அழுத்தியிருந்தார்கள். அதற்கு முன் நான் எழுதிய எதையும் அத்தனை பேர் படித்ததில்லை. பத்து நாட்கள் தினமும் அந்த எண்ணிக்கையைப் போய்ப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எனக்காக வாங்கியதல்ல அது. என் அண்ணி ஷ்ரேயா கொண்டுவந்தாள். அவளும் டிரேவர் அண்ணனும் ஊரின் இன்னொரு கோடியில், வைட்ஃபீல்டில், பதினாலாவது மாடியில் இருக்கிறார்கள். இங்கே ஆஸ்டின் டவுனில் மம்மியும் நானும் மட்டும். மார்ச் மாதத்தில் மம்மிக்குப் பக்கவாதம் வந்தது. வலது பக்கம் போயிற்று, பேச்சும் போயிற்று. அதுவரை நான் ஒரு பள்ளிக்கூடத்து நூலகத்தில் வேலை பார்த்தேன். யாராவது ஒருவர் வேலையை விட வேண்டும் என்றார்கள். என் சம்பளம்தான் குறைவு.

குறை சொல்லவில்லை. எனக்குப் பிடித்ததைச் செய்ய நேரம் கிடைக்கும் என்றுதான் நினைத்தேன். மொழிபெயர்ப்பு நாவல்கள் படிப்பேன், மேடம். தடி தடியாக இருக்குமே, அவை. பனி பெய்யும் ஊர்கள், ரயில் நிலையத்தில் மணிக்கணக்காகக் காத்திருப்பவர்கள். அதில் ஒரு சிரமம் உண்டு. ரஷ்ய நாவல் என்றால் ஒரே ஆளுக்கு நான்கு பெயர் இருக்கும். நடுவில் எழுந்துபோய்த் திரும்பி வந்தால் யார் யாருக்கு என்ன வேண்டும் என்று மறந்துபோகும். திரும்ப முதல் பக்கத்திலிருந்து தொடங்க வேண்டும்.

மம்மிக்கும் எனக்கும் ஓர் ஏற்பாடு இருந்தது. இடது கையில் கல்யாண மோதிரம் போட்டிருந்தார்கள். கட்டில் இரும்பு. மோதிரத்தால் ஒரு தட்டு தட்டினால் பாத்ரூம் போக வேண்டும். இரண்டு தட்டு என்றால் தண்ணீர். இதை மம்மிதான் கண்டுபிடித்தார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த முதல் வாரமே. நான் சிரித்துவிட்டேன், அவர்களும் பாதி முகத்தால் சிரித்தார்கள். அந்த வீட்டில் நாள் முழுவதும் என்னோடு பேசியது அந்த மோதிரம் ஒன்றுதான். தள்ளுவண்டிக்காரர் தக்காளி விலை சொல்வார். மற்றபடி யாரும் இல்லை. டிரேவர் இரண்டு வாரத்துக்கு ஒரு ஞாயிறு வருவதாகச் சொல்லியிருந்தான். ஏப்ரலில் இரண்டு முறை வந்தான். மே மாதம் ஒரு முறை. டிராஃபிக்.

ஒரு நாளைக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர் கொடுக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். சாய்த்து உட்காரவைத்து, கொஞ்சம் கொஞ்சமாக. ஏழு டம்ளர் வரும். ஜூனில் மழை பிடித்துக்கொண்டது. உங்களுக்கும் தெரியும், இந்த ஊர் மழையில் துணி காயாது. டயப்பர் போட்டால் மம்மிக்குத் தோல் வெந்துவிடும். பெட்பேனை எடுத்துக்கொண்டு ஓடினாலும் பாதி நாள் முந்திவிடும். ஒரு டம்ளர் தண்ணீர் என்றால் ஒரு பெட்ஷீட். ஆறு பெட்ஷீட்தான் இருந்தது. ஈரம் பட்டதும் மம்மி முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வார்கள். இருபத்தெட்டு வருடம் டீச்சராக இருந்தவர்கள். அந்த வெட்கத்தை என்னால் தாங்க முடியவில்லை. அவர்களுக்காகத்தான் ஏழு டம்ளரை ஐந்தாகக் குறைத்தேன்.

ஐந்தாக்கியதும் மதியம் முழுதாகக் கிடைத்தது. ஒரு நாள் தொண்ணூறு பக்கம் படித்தேன்.

டிரேவர் தினமும் காலை ஒன்பது மணிக்கு ஆபீஸ் பஸ்ஸிலிருந்து வீடியோ காலில் வருவான். ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸ் அவனிடம் சொல்லியிருந்தாளாம், தண்ணீர் போதவில்லை என்றால் முதலில் உதட்டில்தான் தெரியும் என்று. அதைப் பிடித்துக்கொண்டான்.

"ஃபோனைக் கிட்ட கொண்டு போ டீனா. இன்னும் கிட்ட. என்ன லிப்ஸ் இப்படி வெடிச்சுக் கெடக்கு? தண்ணி குடுக்கிறியா, இல்ல கதை புக்குல மூஞ்சிய வெச்சுக்கிட்டே இருக்கியா?"

"குடுக்கிறேன். வெதர்க்கு அப்படி இருக்கு."

"மழை பெய்யுது, வெதராம். இன்னொரு தடவை இப்படிப் பாத்தேன், மம்மிய இங்க கூட்டிட்டு வந்துடுவேன். நர்ஸ் வெச்சுப் பாத்துக்கறேன். நீ பாட்டுக்கு உக்காந்து படி."

பஸ்ஸில் யாரோ சிரித்தார்கள். மம்மி போய்விட்டால் அந்த வீட்டில் நான் மட்டும் இருப்பேன் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. காலையில் எழுந்து கதவைத் திறந்து, பால் வாங்கி, ஒரு டம்ளர் காப்பி மட்டும் போட்டு. சும்மா கற்பனை செய்து பார்த்தேன். முடியவில்லை. மம்மி என்னோடு இருக்க வேண்டும். அது மட்டும்தான் எனக்கு வேண்டியிருந்தது. அதை எழுதிக்கொள்ளுங்கள், மேடம்.

அந்த ஞாயிறு இருவரும் வந்தார்கள். ஷ்ரேயா கைப்பையிலிருந்து அந்தக் குப்பியை எடுத்தாள்.

"எனக்கு செட் ஆகல டீனா, ஷேட் ரொம்ப பிங்க். சும்மா கெடக்குது, ஆன்ட்டிக்குப் போடு. நாலாயிரத்து எரநூறு, கீழ கீழ போட்டுடாத."

"மம்மிக்கு லிப்ஸ்டிக்கா?" என்றான் டிரேவர்.

"லிப்ஸ்டிக் இல்லப்பா, ஆயில். நீ சும்மா இரு. உனக்கு என்ன தெரியும், நீ வேஸ்லின் கேஸ்."

இருபது நிமிடம் இருந்தார்கள். போகும்போது மழை வந்துவிடும் என்று அவசரப்பட்டார்கள்.

மறுநாள் காலை எட்டே முக்காலுக்கு ஈரத்துணியால் மம்மியின் உதட்டில் இருந்த தோலை மெதுவாக எடுத்துவிட்டு அதைப் பூசினேன். நீங்கள் பார்த்திருக்க வேண்டும். இத்தனை மாதத்தில் அந்த முகம் அவ்வளவு உயிரோடு இருந்ததில்லை. டிரேவர் பஸ்ஸில் சத்தமாகச் சொன்னான். "வாவ், மம்மி. என்ன, மாடலிங் போறீங்களா? இருவது வயசு கொறஞ்சுட்டீங்க." எனக்கும் ஒரு வார்த்தை சொன்னான். "குட் டீனா. இப்படித்தான் பாத்துக்கணும்." அண்ணன் என்னைப் பாராட்டி ஐந்தாறு வருடம் இருக்கும்.

அதற்குப் பிறகு உதட்டைப் பற்றி யாரும் கேட்கவில்லை. ஐந்து நான்காயிற்று. ஜூலையில் இரண்டு.

மோதிரத்தைப் பற்றிக் கேட்டீர்கள். என் அலமாரியில், கைக்குட்டையில் சுற்றி வைத்திருந்தேன். திருடவில்லை. மம்மியின் விரல் மெலிந்துபோயிருந்தது. மோதிரம் கழன்று கட்டிலுக்கடியில் விழுந்து தொலைந்தால் என்ன செய்வது? பத்திரமாக இருக்கட்டும் என்று கழற்றினேன். சோப்பு போட்டுத்தான் கழற்ற வேண்டியிருந்தது.

அப்புறம் அறை அமைதியாகிவிட்டது. மம்மி தட்டுவதை நிறுத்தவில்லை. விரல் நுனி கட்டில் கம்பியில் படும், சத்தம் வராது. இரண்டு தட்டு. கொஞ்சம் விட்டு இரண்டு தட்டு. புத்தகப் பக்கத்தின் ஓரத்தில், கண்ணின் மூலையில் அது தெரிந்துகொண்டே இருந்தது. நாற்காலியை ஜன்னல் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டேன். அங்கே வெளிச்சம் நன்றாக இருந்தது.

ஒரு நாள் காலை, டிரேவர் வீடியோ காலில் இருந்தபோது மம்மி கையைத் தூக்கி ஃபோனைப் பார்த்துக் காற்றில் இரண்டு முறை தட்டினார்கள். மறுபடியும் இரண்டு முறை. டிரேவருக்குச் சிரிப்பு. "பாரு, மம்மி டாட்டா சொல்றாங்க," என்று அவனும் கையை ஆட்டினான். பஸ் சிக்னலில் நின்றிருந்ததால் ரொம்ப நேரம் ஆட்டினான். நான் ஃபோனைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நான்தான் சொல்லியிருக்க வேண்டும் என்கிறீர்கள். சொல்லியிருந்தால் அழைத்துக்கொண்டு போயிருப்பான்.

லவினா ஆன்ட்டி வந்த நாள் ஆகஸ்ட் முதல் வெள்ளி. உங்களுக்கு எங்கள் வழக்கம் தெரியாதென்றால் சொல்கிறேன். படுக்கையில் இருப்பவர்களுக்கு மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை கோயிலிலிருந்து வீட்டுக்கே நற்கருணை, ஆண்டவரின் உடல் என்று நாங்கள் நம்பும் அப்பம், கொண்டுவருவார்கள். எங்கள் தெருவுக்கு லவினா ஆன்ட்டி. ஒரு சின்ன மேஜையில் வெள்ளைத் துணி விரித்து, சிலுவை, மெழுகுவர்த்தி, ஒரு டம்ளர் தண்ணீரும் கரண்டியும் வைத்து நாம் தயாராக இருக்க வேண்டும். அப்பத்தில் சிறு துண்டை நாக்கில் வைத்து, ஒரு கரண்டி தண்ணீர் கொடுத்து விழுங்கச் செய்வார்கள். மம்மி படுக்கையில் விழுந்த நாளிலிருந்து ஒரு முதல் வெள்ளிகூடத் தவறவில்லை.

நானும் எல்லாம் தயார் செய்தேன். துணியை இஸ்திரி போட்டேன். மம்மிக்குத் தலை வாரினேன். லிப் ஆயில் பூசினேன், வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிகமாகவே. தண்ணீர் டம்ளரை மட்டும் வைக்கவில்லை. வேண்டுமென்று இல்லை, மேடம். மறந்துவிட்டேன். அந்த அறைக்குள் தண்ணீர் கொண்டுபோகும் பழக்கமே விட்டுப்போயிருந்தது.

"பிரிஜெட், அழகா இருக்கியே," என்றுதான் ஆன்ட்டி உள்ளே வந்தார். ஜெபம் சொல்லி அப்பத்தைக் கையில் எடுத்த பிறகுதான் மேஜையைப் பார்த்தார். "ஏய் டீனா, தண்ணி எங்கடி?"

"எடுத்துட்டு வரேன் ஆன்ட்டி."

"இரு, இரு. ஆண்டவர் கைல இருக்காரு. மொதல்ல வெச்சிடறேன்."

வைத்தார். கண்ணை மூடி ஒரு பரலோக மந்திரம் சொன்னார். நானும் சொன்னேன். முடித்துவிட்டு, உள்ளே போயிற்றா என்று பார்க்க மம்மியின் தாடையை மெல்லத் திறந்தார். அப்பம் வைத்த இடத்திலேயே இருந்தது. ஓரம்கூட நனையவில்லை. தட்டில் இருப்பது போல நாக்கில் இருந்தது. நாக்கு பழுப்பாக இருந்தது. அதைச் சுற்றி உதடு மட்டும் பளபளவென்று.

ஆன்ட்டி என்னை அனுப்பவில்லை. தானே சமையலறைக்குப் போய்த் தண்ணீர் கொண்டுவந்தார். முதல் கரண்டி உள்ளே போனதும் மம்மி கரண்டியைக் கடித்துக்கொண்டார்கள். விடவில்லை. ஆன்ட்டி இழுக்க இழுக்கப் பல்லில் எவர்சில்வர் உராயும் சத்தம் கேட்டது. வேறு சத்தம் இல்லை.

"டீனா," என்றார் ஆன்ட்டி. "மம்மி கடைசியா எப்போ தண்ணி குடிச்சாங்க?"

"லிப்ஸ் பாருங்க ஆன்ட்டி," என்றேன். "நல்லாத்தானே இருக்கு."

மற்றதெல்லாம் உங்கள் ஃபைலில் இருக்கிறது. ஆம்புலன்ஸ், சிறுநீரகம் நின்றது, ஞாயிறு காலை மம்மி கண்ணை மூடியது. டிரேவர் வராந்தாவில் என்னை அடிக்க வந்ததும் ஷ்ரேயா பிடித்துக்கொண்டதும் இருக்கும். அந்தக் குப்பியைப் போலீஸ் எடுத்துப் போனபோது பாதி மீதம் இருந்தது. அதையும் குறித்துக்கொள்ளுங்கள், ரொம்ப நாள் வரும்.

இப்போது நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். ஆமாம். தண்ணீரை நிறுத்தியது நான். இரண்டு தட்டு என்றால் என்னவென்று எனக்குத் தெரியும். சத்தம் வராத தட்டும் தெரியும். கடைசி நான்கு நாட்கள் மாத்திரைக்கு ஒரு கரண்டி, அவ்வளவுதான். அந்த நான்கு நாளில் நாவலை முடித்துவிட்டேன். அறுநூற்று முப்பது பக்கம். கடைசிப் பக்கத்தில் ஒருவன் ரயிலிலிருந்து இறங்குகிறான், அவனுக்காக யாரும் வரவில்லை. புத்தகத்தை மூடிவிட்டு, இதை மம்மியிடம் சொல்ல வேண்டும் என்று கட்டிலுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். முழுக் கதையையும் சொன்னேன். மம்மி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். என்னை யாரும் அப்படிப் பார்த்துக்கொண்டே இருந்ததில்லை. அவர்களுக்குக் கதை பிடித்திருந்தது.

வெறுப்பில் செய்தேன் என்று மட்டும் எழுதாதீர்கள். நான் மம்மியைப் போகவிடாமல் வைத்துக்கொண்டேன்.

ரொம்ப நேரம் ஆகிவிட்டது. நான் பேசப் பேச நீங்கள் ஒரு வாய்கூடக் குடிக்கவில்லை. பாட்டில் அப்படியே இருக்கிறது. உங்கள் உதடு காய்ந்துபோயிருக்கிறது, மேடம். குடித்துவிட்டு எழுதுங்கள், நான் காத்திருக்கிறேன். ஒருவர் தாகத்தோடு இருப்பதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.