பிரேக்குக்குப் பதில் செருப்பு

கவுஞ்சியில் ஏறிய இரண்டு பெண்கள் எனக்கு முன் சீட்டில் உட்கார்ந்தார்கள். கொடைக்கானல் பஸ் கிளம்பியதும் இளையவள் பேச ஆரம்பித்தாள்.

"எங்க வீட்டுக்காரரு, வண்டியில பிரேக்கு பிடிக்கலன்னா செருப்ப மாத்துறாருக்கா."

"செருப்பயா? என்னடி சொல்ற?"

"எறக்கத்துல ரெண்டு காலையும் தரையில தேச்சுத்தான் வண்டிய நிப்பாட்டுறாரு. இந்த மழைக்காலத்துக்குள்ள மூணு சோடி தேஞ்சுபோச்சு."

"பிரேக் ஷூ மாத்துறது அரைமணி நேரச் சோலிதான?"

"பூண்டு பிடுங்கட்டும், பிடுங்கட்டும்னு தள்ளிப்போடுறாரு. நேத்து வளைவுல எதுக்க ஜீப்பு வந்துருச்சு. பின்னாடி நான் உக்காந்திருக்கேன். வேலியில மோதித்தான் வண்டி நின்னுச்சு. எந்திரிச்சு மண்ணத் தட்டிக்கிட்டு, 'செருப்பு வழுக்கிருச்சு, இனி நல்லாப் பிடிமானமா வாங்கணும்'ங்கிறாரு."

"நீ சும்மாவா விட்ட?"

"விடுவேனாக்கா? இன்னைக்கு வெள்ளனே எந்திரிச்சு, வீட்டுல கெடந்த அவரு செருப்பு அம்புட்டையும் சாக்குல கட்டிக் கொண்டாந்துட்டேன்."

மூத்தவர் குனிந்து சீட்டுக்கு அடியில் பார்த்தார். சாக்கைக் காணோம். அதற்குள் இளையவளின் போன் அடித்தது. எதிர்முனையின் கத்தல் எனக்கே கேட்டது. அவள் நிதானமாகப் பதில் சொன்னாள்.

"ஸ்டாப்புக்கு எதுக்க மெக்கானிக் அண்ணன் கடையில இருக்குங்க. வண்டிய ஓட்டாம, தள்ளிக்கிட்டு வாங்க. பிரேக்க மாத்துனாத்தான் செருப்பக் குடுக்கணும்னு அண்ணன்ட்ட சொல்லியிருக்கேன்."

மூத்தவர் சிரித்து முடிக்க நேரமானது. பிறகு சற்று யோசித்தார். தன் பையிலிருந்து போனை எடுத்தார்.

"என்னங்க, நம்ம வண்டிக்குக் கடைசியா எப்ப பிரேக்கு பாத்தீங்க?"

பதிலைக் கேட்டவரின் முகம் மாறியது. குரல் மட்டும் தேனாக இருந்தது.

"சரிங்க, சரிங்க. சும்மாதான் கேட்டேன். உங்க செருப்பெல்லாம் எங்கன கெடக்கு?"