ஆர்லன் விட்கோவின் இன்ஜினுக்குள் இருந்தது

தலைமை தாங்கும் ஹெர்ப் டைக்ஸ்ட்ரா அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் ஆர்லனின் மனைவி லொரெய்ன் அவர்களே, ஃபிளின்ட் நகரப் பழைய கார்ச் சங்கத் தோழர்களே!

டியூனிங் மன்னர் ஆர்லன் விட்கோ மறைந்துவிட்டார். அழத்தான் கூடியிருக்கிறோம். ஆனால் உண்மையைச் சொல்லுங்கள், உங்கள் மனதைக் குடைவது என்ன? ‘அந்த இன்ஜினுக்குள்ள என்னதான் இருந்துச்சு?’ அதுதானே!

பதினோரு ஆண்டுகளுக்கு முன் நம் கண்ணெதிரே தன் சிவப்பு வண்டியின் இன்ஜினில், வால்வுகளை இன்னும் அகலத் திறந்து வேகம் கூட்டும் பந்தயக் கேம் ஷாஃப்ட்டைப் பூட்டினார். நாமும் அதையே வாங்கிப் பூட்டினோம். என்ன ஆயிற்று? நெடுஞ்சாலையில் பறந்தோம்; சிக்னலில் நின்றால் இன்ஜின் உதறி உதறி அணைந்தது! ஆர்லன் வண்டி மட்டும் அலுங்காமல் நிற்கும். கேட்டால் சிரிப்பார்: “நான் செத்த பிறகு பிரிச்சுப் பாத்துக்கோங்கடா!”

சனிக்கிழமை பிரித்தோம். உள்ளே பந்தய ஷாஃப்ட்டே இல்லை! வண்டியோடு வந்த பழைய ஷாஃப்ட்!

“ஏமாத்திட்டானே பாவி!” என்று நம் தலைவர் ஸ்பேனரைக் கீழே போட்டார்.

“அது ஒரு வாரந்தான் இருந்துச்சு, ஹெர்ப்,” என்றார் அருகில் நின்ற லொரெய்ன். “என்னை டயாலிசிஸுக்குக் கூட்டிட்டுப் போறப்ப கொட்டுற மழையில நடுரோட்டுல நின்னுபோச்சு. அன்னைக்கே கழட்டிட்டாரு. ‘பொண்டாட்டிக்காகக் கழட்டினேன்னு வெளிய சொன்னா உன்னைத்தான் கிண்டல் பண்ணுவானுங்க’ன்னாரு.”

செய்திருப்போம், தோழர்களே. எனக்கு வெட்கமாக இருக்கிறது.

நேற்று நானே எல்லாவற்றையும் திரும்பப் பூட்டினேன். வண்டி ஓடியது, ஆனால் நடுங்கியது. டைமிங்கை மாற்றினேன். கார்புரேட்டரைக் கழற்றித் துடைத்தேன். நடுக்கம் போகவில்லை! அதே ஷாஃப்ட், அதே கார்புரேட்டர். அப்படியானால் ரகசியம் எங்கே இருக்கிறது? கூச்சத்தை விட்டு லொரெய்னிடமே கேட்டேன்.

“நான் பக்கத்து சீட்ல கண்ண மூடி உக்காருவேன். அவரு கார்புரேட்டர் ஸ்க்ரூவத் திருகிக்கிட்டே இருப்பாரு. முதுகுல அதிர்வு தெரியலன்னா ‘போதும்’பேன். அவ்ளோதான்.”

வாரந்தோறும் இப்படி! விலையுயர்ந்த அளவீட்டுக் கருவிகளை வாங்கிக் குவித்த நாம் இதை யோசித்தோமா?

தோழர்களே, நாளை செவ்வாய்க்கிழமை. காலை ஆறு மணிக்கு லொரெய்ன் மருத்துவமனைக்குக் கிளம்ப வேண்டும். வண்டி வெளியே நிற்கிறது. கூட்டம் முடிந்ததும் அவர் அந்த சீட்டில் உட்காரச் சம்மதித்திருக்கிறார். ஆர்லன் விட்கோவின் பெயரால் உறுதி சொல்வோம்: லொரெய்ன் வாயிலிருந்து ‘போதும்’ என்ற சொல் வரும்வரை நம்மில் ஒருவரும் வீட்டுக்குப் போக மாட்டோம்!