எட்டு வினாடித் தங்கை

உலகத்தில் பேய் என்று எதுவும் கிடையாது. சர்வீஸ் செய்யாத இயந்திரங்கள்தான் உண்டு. இது நம் கூட்டாளி சோடாபுட்டியின் பெரியப்பா கண்டுபிடித்த பேருண்மை. கீபோர்டு, ஆம்ப்ளிஃபயர் ரிப்பேர் செய்பவர். சந்தேகமிருந்தால் சோடாபுட்டியையே கேளுங்கள், அதோ போர்வைக்குள் கிடக்கிறான்.

ராத்திரி பதினொன்றரை. ஆற்றோரச் சாலை. ஒரு நாய்கூட இல்லை... பெரியப்பா கடையை மூடிவிட்டு மாப்பிள்ளை வீட்டுக்கு நடந்தார். மாப்பிள்ளை என்றால் செத்துப்போன தங்கையின் புருஷன். அவருக்கு இரவு வேலை. சாவியைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார்.

அந்த வீட்டில் ஒரு பழைய டேப் கீபோர்டு. பீரோ கனம். வெயிலுக்கு ஒரு சுருதி, மழைக்கு ஒரு சுருதி. ஊரிலேயே இந்த ரகக் கீபோர்டுமேல் பைத்தியமாக இருந்தவர்கள் மூன்றே பேர். அதில் இரண்டு பேருக்குள் பேச்சுவார்த்தை கிடையாது. ஒவ்வொரு கட்டைக்கும் அடியில் ஒரு டேப் துண்டு. அழுத்தினால் எட்டு வினாடி பாடும். அப்புறம் 'டக்'. விரலை எடுத்தால் ஸ்பிரிங் டேப்பைப் பின்னால் இழுத்துக்கொள்ளும்.

நோய் வந்து படுக்கையில் விழுவதற்கு முன் கட்டைக்கு ஒரு சுரமாகத் தங்கை அதில் பாடிப் பதிந்திருந்தாள். மாப்பிள்ளை தினமும் அதன்மேல் அவள் சால்வையைப் போர்த்தி, "தூங்கும்மா" என்பார்.

"கொசுவத்தியும் ஏத்தி வைங்க மாப்ளே," என்பார் பெரியப்பா. "மிஷினு பாவம், கடி தாங்காது."

இப்போது அதில் இரைச்சல். டேப் உரசிப் பாடும் உலோகத் தலைகளில் காந்தம் ஏறியிருந்தது. அந்தக் காந்தத்தை எடுக்க வேண்டும்.

"டேப்பை எல்லாம் கழட்டி அடுத்த ரூம்ல வச்சுட்டுக் கை வைங்க மச்சான். அவ குரல் வேற எங்கயும் இல்ல," என்று சாவி கொடுக்கும்போதே மாப்பிள்ளை சொல்லியிருந்தார்.

"எனக்கே பாடமா?"

வந்து பையைத் திறந்தால், காந்தம் எடுக்கும் சின்னக் கருவி கடையிலேயே தங்கிவிட்டது. இருந்தது பெரியது... காசெட்டுகளை மொத்தமாக அழிப்பது. டேப்புகள் கோத்த சட்டமோ ஓர் ஆள் கனம். 'இந்தக் காயலான் சாமானுக்கு இது போதாதா' என்று சால்வையை உருவி எறிந்தார். சட்டத்தைக் கழற்றவில்லை. கருவி 'ம்ம்ம்' என்று உறுமியது. அதைத் தலைகள்மேல் ஒரு முறை கொண்டுபோனார். ஒரு முறை கொண்டுவந்தார்.

ஒரு கட்டையை அழுத்தினார்.

ஸ்ஸ்ஸ்ஸ்... டக்.

அடுத்தது. ஸ்ஸ்ஸ்ஸ்... டக்.

வரிசையாக அழுத்தினார். எல்லாம் வெறும் டேப். முதல் தடவை அவளைக் கொன்றது நோய். இந்தத் தடவை அண்ணன்.

கடைசிக் கட்டை ஒன்று பாக்கி. அழுத்தினார். ஸ்ஸ்ஸ்ஸ்... எட்டு வினாடி ஆயிற்று.

'டக்' வரவில்லை.

இரைச்சல் மெல்ல அடங்கியது. ஈரத் தலைமுடி வாசனை. அப்புறம் மூச்சு... உள்ளே, வெளியே. கடைசி நாட்களில் அவள் விட்ட, நெஞ்சில் கரகரக்கும் அதே மூச்சு. அவள் அதையா பதிந்திருப்பாள்?

"அண்ணா..."

பெரியப்பாவின் விரல் கட்டையிலிருந்து எழப் பார்த்தது.

"...விரலை எடுத்துடாதே."

காலை நீட்டிச் சுவர் சுவிட்சை எட்டி உதைத்தார். கீபோர்டின் சிவப்பு விளக்கு அணைந்தது. மூச்சு அணையவில்லை.

விடியும்போது மாப்பிள்ளை கதவைத் திறந்தார். பெரியப்பா அதே ஸ்டூலில். சுவிட்ச் அணைந்தே இருந்தது. அழுத்திய விரல் நுனி நீலம் பாரித்திருந்தது.

"இரைச்சல் போயிடுச்சா மச்சான்?"

பெரியப்பா இடது கையால் தரையில் கிடந்த சால்வையை எடுத்தார். கட்டைகள்மேல், தன் விரல்மேலும் சேர்த்து, சுருக்கமில்லாமல் போர்த்தினார்.

"மெதுவாப் பேசுங்க மாப்ளே... இப்பத்தான் கண் அசந்தா."